பூச்சாடிக்குப் போன பேச்சு

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும், இன்னும் வெளியே வராத அந்த மூன்றாவது ஆளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் சொன்னால் நீ சிரிப்பாய், மாதம் ஏறிய வயிற்றோடு அவ்வளவு சிரிப்பது நல்லதல்ல, கடிதமென்றால் நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம். பிரசவத்துக்கு டிக்கெட் போடட்டுமா என்று நீ கேட்டபோது எனக்கு மூட்டுவலி என்றேன். உன் அப்பா பின்னாலிருந்து, வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்று கத்தினார். நீ சரிம்மா என்று வைத்துவிட்டாய். அந்தச் சரிம்மா என் நெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. என் மூட்டுக்கு ஒரு கேடும் இல்லை. வீட்டையும் யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. நடந்தது வேறு.

எல்லாம் நீ அனுப்பிய பெட்டியில் ஆரம்பித்தது. உள்ளங்கையளவுகூட இல்லாத அந்தக் கறுப்புப் பெட்டியை டிவியோடு சேர்த்துவிட்டால் உலகத்துப் படமெல்லாம் வரும் என்றாய். வந்தது. வந்து, நின்றது. ஒருத்தி கதவைத் திறக்கப் போவாள், கை தாழ்ப்பாளில் இருக்கும், திரை நடுவே ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். நான் எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு வந்தாலும் அவள் கை தாழ்ப்பாளிலேயே இருக்கும். உன் அப்பாவோ வங்கியில் லாக்கர் அறையைப் பார்த்துக்கொண்டவர், திறக்க நேரமாகும் எதன்மேலும் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. "நல்ல சாமான்னா அப்படித்தான், பதறாது" என்றார். நான் விடாமல் நச்சரித்த பிறகு இணைய இணைப்பு கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டார். அங்கிருந்த பெண் பிளக்கைக் கழற்றி மாட்டச் சொன்னாள், மாட்டினார். வயர்களை அழுத்திவிடச் சொன்னாள், அழுத்தினார். ரூட்டர் எங்கே சார் இருக்கிறது என்று கேட்டாள். "பத்திரமான இடத்துலதாம்மா இருக்கு" என்றார். மழை மேகமாக இருக்கலாம் என்று சொல்லி அவள் முடித்துக்கொண்டாள்.

வட்டம் சுற்றியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் உன் அப்பா அந்தப் பெட்டியின் செட்டிங்கில் புகுந்து ஏதோ செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார், அன்றிலிருந்து எனக்குப் படத்தில் மனிதர்கள் பேசுவது கேட்கவில்லை. சத்தம் வந்தது, அதுதான் விநோதம். மழை பெய்தால் மழை கேட்டது, கார் கதவு சாத்தினால் கேட்டது, பின்னால் வயலின் அழுதது. மனிதன் வாயைத் திறந்தால் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து முனகுவதுபோல. பக்கத்தில் உன் அப்பா தலையாட்டி ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், ஓரிடத்தில் சிரிக்கவும் செய்தார். அவருக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை என்றால் கோளாறு பெட்டியில் இல்லையே. செய்தி வாசிப்பவர்கள் பேச்சு கேட்டதென்னவோ உண்மை, ஆனால் அவர்கள் கத்துவது கல்லுக்கும் கேட்கும், அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஹலோ என்ற ஒரு சொல்லிலேயே கூப்பிடுகிறவர் கடன் கேட்கப் போகிறாரா சாவு சொல்லப் போகிறாரா என்று கண்டுபிடித்த காது இது. இதற்கு மழை கேட்கிறது, மனிதன் கேட்கவில்லை என்றால் நான் என்னவென்று நினைப்பது. உன் அப்பா சிரித்த இடத்தில் நானும் சிரித்துவைத்தேன்.

அவருக்கும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். உன் பெரியப்பாவுக்குக் காது போனது இதே வயதில்தான், குடும்பச் சொத்து தனக்கும் வந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டிக்கொண்டு, நான் சிரித்த இடத்தில் சிரித்திருக்கிறார். காது மந்தமானவர்கள் உரக்கப் பேசுவார்கள் அல்லவா, அதனால் அவர் உரக்கப் பேச ஆரம்பித்தார். என் காது போனது தெரிந்துவிட்டது, அதனால்தான் கத்துகிறார் என்று நான் நினைத்தேன், தெரியாததுபோல் நானும் கத்தினேன். தன் காது போனதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவர் இன்னும் கத்தினார். உப்பு போதுமா என்று கேட்பது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும், எதிர்வீட்டுத் தையல்காரர் எங்களுக்குள் சண்டை என்று நினைத்துச் சமாதானம் பேச வந்துவிட்டுப் போனார். நான் மருந்துக்கடைக்குத் தனியாகப் போய்க் காதுக்குச் சொட்டு மருந்து வாங்கித் தையல்மெஷின் பெட்டியில் ஒளித்து வைத்தேன், ஐயாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று பிறகு தெரிந்தது.

நீ போன் செய்தது இந்த லட்சணத்தில்தான். போனைக் காதோடு அழுத்தியிருந்ததால் நீ பேசியது கேட்டது. ஆனால் நீ டிக்கெட் என்றதும் எனக்கு ஒரே ஒரு காட்சிதான் கண்ணுக்கு வந்தது. நீ அசந்து தூங்குகிறாய், தொட்டிலில் குழந்தை அழுகிறது, நான் பக்கத்து அறையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நிம்மதியாகக் கிடக்கிறேன். அப்படிப்பட்ட அம்மா வந்து உனக்கு என்ன பிரயோஜனம், பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைகளில் ஒன்று கூடத்தான் ஆகும். அதனால்தான் மூட்டுவலி. உன் அப்பாவுக்கும் அதே தொட்டில்தான் கண்ணுக்கு வந்ததாம், அதனால்தான் வீட்டுக் காவல்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தி வந்தாள். அவள் காதைப் பற்றி உனக்குத் தெரியும், அடுத்த தெருச் சண்டைக்கு நம் வீட்டுச் சோபாவிலிருந்தே தீர்ப்பு சொல்லக்கூடியவள். டிவியில் ஒருவன் மாடிப்படியில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தான், வட்டம் சுற்றியது. குளிருது, போர்வை இருந்தா குடுங்க அத்தான் என்றாள் சித்தி. உன் அப்பா சாவிக்கொத்தை எடுத்து இரும்பு பீரோவைத் திறந்தார். படத்தில் நின்றவன் விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டான். போர்வையை எடுத்துக்கொண்டு பீரோவை மூடினார், அவன் மேல்படியில் நின்றுவிட்டான். சித்தி எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து பார்த்தாள். உன் கல்யாணப் புடவைக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவில் ரூட்டர் பச்சை விளக்கு எரியப் பூட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனவன், இதுதான் சார் முக்கியம், இது போனால் எல்லாம் போச்சு என்று சொன்னானாம். முக்கியமானதை உன் அப்பா வேறு எங்கே வைப்பார்? பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு வயரை விட்டிருக்கிறார், இத்தனை வருஷம் என்னிடம் ஆணியடிக்க நேரமில்லை என்று சொன்ன மனிதர். "அத்தான், இரும்புக்குள்ள பூட்டி வச்சா சிக்னல் என்ன சாவி போட்டுத் தொறந்துகிட்டா வெளிய வரும்?" என்று கேட்டாள் சித்தி. திருட்டுப்போனால் நீ வாங்கித் தருவாயா என்றார் அவர். ஆனாலும் ரூட்டரை எடுத்து அலமாரி மேல் வைத்தார், தாய்வீட்டிலிருந்து பெண்ணை அனுப்புகிற முகத்தோடு.

படம் தடையில்லாமல் ஓடியது. சித்தி கொஞ்சநேரம் பார்த்தாள். நானும் உன் அப்பாவும் வழக்கம்போலத் தலையாட்டினோம், ஓரிடத்தில் சேர்ந்து சிரித்தோம். சித்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, இவங்க எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறாங்க, பேச்சே கேக்கல. நீங்க ரெண்டு பேரும் எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்றாள். உனக்கும் கேக்கலையா என்று நான் கேட்டேன். உன் அப்பாவும் அதையே கேட்டார், இரண்டு குரலும் ஒன்றாக வந்தது. பிறகு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உனக்கும்னா, அப்போ உங்களுக்கும்னா என்று சொல்லிக்கொண்டிருந்தோமே தவிர ஒருவரும் வாக்கியத்தை முடிக்கவில்லை. உன் அப்பா எழுந்துபோய்ப் பீரோவின் உள்லாக்கரைத் திறந்து ஒரு சொட்டு மருந்து சீசாவை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். நான் தையல்மெஷின் பெட்டியிலிருந்து என்னுடையதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். ஒரே கடை, ஒரே மருந்து. உன் சித்தி சிரித்த சிரிப்பில் தையல்காரர் மறுபடியும் வாசலுக்கு வந்துவிட்டார்.

காரணத்தையும் அன்றே பிடித்துவிட்டோம். செட்டிங்கில் ஸ்டீரியோ என்று ஒன்று, சரவுண்ட் என்று ஒன்று இருந்ததாம், இருப்பதில் பெரியது எதுவோ அதைத் தட்டியிருக்கிறார் உன் அப்பா. சரவுண்டில் போட்டால் பேச்சு முழுக்க நடு ஸ்பீக்கருக்குப் போகுமாம். நம்மிடம் இருப்பது இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, பழைய மர ஸ்பீக்கர்கள், நடுவில் இருந்தது பூச்சாடி. ஆக இத்தனை நாளும் காதலும் கண்ணீரும் கொலை மிரட்டலும் எல்லாம் அந்தப் பூச்சாடியிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோவுக்கு மாற்றினோம். ஒரு பெண் திரையில், கதவைச் சாத்திக்கோ என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள், ஆனால் பக்கத்தில் நின்று சொன்னதுபோல் கேட்டது. உன் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது. நான் அதையே இன்னொரு தரம் போடச் சொன்னேன்.

இப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாமனார் என்று நாங்கள் நினைத்தவர் வக்கீலாம். கள்ளக்காதலன் என்று நாங்கள் இருவரும் ஒருமனதாகத் தூற்றியவன் அவளுடைய சொந்தத் தம்பி. பேச்சு கேட்காமலே ஒருவர்மேல் தீர்ப்பு எழுதுவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்துகொண்டேன், அதுவும் சாய்ந்து உட்கார்ந்தபடியே. வீட்டில் இன்னும் கொஞ்சம் உரக்கத்தான் பேசிக்கொள்கிறோம், பழக்கம் உடனே போகவில்லை.

நீ கனமாக எதையும் தூக்காதே, தண்ணீர் குடி, காலைத் தொங்கவிட்டு உட்காராதே. உன் வீட்டு ரூட்டர் எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொள், நீ உன் அப்பாவின் பெண். உங்களுக்கு ஒரு குறையும் வராது, சுகப்பிரசவமாகும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. டிக்கெட் போட்டுவிடு, இரண்டு பேருக்கும். பூச்சாடியையும் வீட்டையும் சித்தி பார்த்துக்கொள்வாள், சாவிக்கொத்தைக் கொடுக்க உன் அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார், பீரோ சாவியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு. மாப்பிள்ளை ராத்திரியில் குழந்தை அழுதது கேட்கவில்லை என்று சொன்னால் நம்பாதே, உன் அப்பாவும் அந்தக் காலத்தில் அதையேதான் சொன்னார், அப்போது சரவுண்டும் இல்லை பூச்சாடியும் இல்லை. நீ எழுந்திருக்க வேண்டாம், தூங்கு. எனக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா