கருவிக்கு எட்டாத அளவு

ஜூலை 9, புதன்.

ரசாயன ஆலைக்குப் பக்கத்துத் தெரு செல்வி அக்கா கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீரை இன்று கடலூர் ஆய்வகத்தில் சோதித்தேன். பாட்டிலைத் திறந்ததுமே அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். கருவியோ எதையும் காட்டவில்லை. வழக்கம்போல் 'கண்டறியப்படவில்லை' என்று அறிக்கையில் எழுதினேன்.

அக்கா வாங்கிப் படித்துவிட்டு, "அப்போ ஒண்ணும் இல்லல்ல? புள்ளைங்களுக்குக் குடுக்கலாம்ல?" என்றார்.

கருவிக்கு எட்டாதது உலகத்திலேயே இல்லை என்று யார் சொன்னது? ஓர் அளவுக்குக் கீழே கருவி குருடு. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆய்வக மேலாளர் பக்கத்தில் நின்றார்.

"ரிப்போர்ட்ல அப்படித்தான்க்கா இருக்கு" என்றேன். அக்கா சிரித்துக்கொண்டே போனார்.

சோப்பு போட்டு மூன்று முறை கழுவியும் விரலில் நாற்றம் போகவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு அக்காவின் பிள்ளைகள் இந்நேரம் தூங்கியிருப்பார்கள்.