உறையின் மேல் எழுதிய பெயர்

தோர்ண்டன் ஹீத், லண்டன்
2.2.1992

அன்புள்ள பாலாம்பிகைக்கு,

உம்முடைய கணவன் தில்லையம்பலம் எழுதுகிறேன். இது மருமகன் எழுதிய கடிதம் அல்ல. என் கையெழுத்து. நம்பாவிட்டால் எழுத்துகளைப் பாரும். படித்த மனிதர் எவரும் இப்படிக் கோணலாக எழுதமாட்டார்.

நோர்பரியில் ஒரு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் சிவகௌரி ரீச்சர் முதியவர்களுக்குத் தமிழ் எழுதப் பழக்குகிறார். மகள் கலாவதிதான் கொண்டுபோய்ச் சேர்த்தாள். நான் பேனையை அழுத்துகிற அழுத்தில் தாள் கிழிந்துவிடும். ரீச்சர் சொல்லுவார்: "ஐயா, உழாதேங்கோ, எழுதுங்கோ." புகையிலைத் தோட்டம் கொத்திய கை, என்ன செய்வது.

நான் இங்கே வந்த நாளிலிருந்து மருமகன்தான் எனக்காக உமக்கு எழுதினார். நான் சொல்லச் சொல்ல எழுதிவிட்டு, "வேற என்ன மாமா?" என்று கேட்பார். "வேற ஒண்டுமில்லை" என்பேன். பெண்சாதியை நினைத்து நித்திரை வருவதில்லை என்று மருமகனிடம் எப்படிச் சொல்வது? இப்போது நானே எழுதிவிட்டேன். எழுதியதும் பெரிய சந்தோஷமாக இருக்கிறது.

எனக்குத் தந்த விசாவில் உம்மைக் கூப்பிட இன்னும் சில வருடம் பொறுக்க வேண்டுமாம். அதனால்தான் கலாவதி ஏஜென்சிக்காரனைப் பிடித்தாள். அவன் சொல்கிறபடி கேட்டு நடவும். கொழும்பில் குளிர்ந்த தண்ணீரில் முழுகவேண்டாம்.

அன்புடன்,
தில்லையம்பலம்


கென்யா
1.3.1992

கலாவதியின் அப்பாவுக்குப் பாலாம்பிகை எழுதுவது,

கொழும்பு வெள்ளவத்தையில் உங்கள் கடிதம் கிடைத்தது. அழுதுகொண்டு வாசித்தேன் என்று எழுதினால் ரீச்சரிடம் போய்ச் சொல்லுவீர்கள். ஆகவே எழுதவில்லை.

வெள்ளவத்தை லொட்ஜில் இருந்து வெளிக்கிட்டு, இப்போது காட்டோரத்தில் இன்னொரு லொட்ஜில் இருக்கிறேன். இது உல்லாசப் பயணிகள் வந்து தங்கும் இடம். மிக வசதியானதும் அல்ல, மோசமானதும் அல்ல. கூரை புல்லால் வேய்ந்தது. கட்டிலுக்கு நுளம்புவலை உண்டு. வெந்நீர் சில நாள் வரும், சில நாள் வராது. விறாந்தைக்கு எதிரே மழைக்காடு. பின்னேரமானால் மழை. மரங்களின் உச்சி தெரிவதில்லை. கறுப்பு உடம்பில் வெள்ளை மயிர் தொங்கும் குரங்குகள் காலையில் வந்து கூரையில் இருக்கும்.

நகரத்தில் வைத்தால் ஆட்கள் விசாரிப்பார்கள் என்று ஏஜென்சிக்காரன் எங்களை இங்கே விட்டிருக்கிறான். எங்களை என்று எழுதியது ஏனென்றால், என்னோடு தியாகராஜா என்று ஒருவர் இருக்கிறார். பருத்தித்துறையில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். ஹவுன்ஸ்லோவில் இருக்கும் மகனிடம் போகிறார். எங்கள் இருவருக்கும் மலேசியப் பாஸ்போர்ட். அதில் அவர் மெய்யப்பன், நான் அவர் மனைவி ருக்குமணி. கோபிக்க வேண்டாம். அவர் விறாந்தையில்தான் படுக்கிறார். தனியே இருக்கும்போது அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

நேற்று என்னிடம் வந்து, "அக்கா, எத்தினை பிள்ளையள் எண்டு ஒரு வெள்ளைக்காரி கேட்டவ. என்ன சொல்லுறது?" என்றார்.

"உங்களுக்கு எத்தினை?"

"மூண்டு."

"எனக்கு ஒண்டு. நாலு எண்டு சொல்லுங்கோ."

சிரித்தோம். ஆனால் பயம் போவதில்லை. சப்பாத்தும் தொப்பியும் போட்டு, வெள்ளைக்காரருக்குப் பின்னால் காட்டுக்குள் நடந்து, பறவையைக் காட்டினால் நாங்களும் அண்ணாந்து பார்க்கிறோம். பறவை எங்கே இருந்தது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

டிக்கெட் வரும்வரை இப்படித்தான். கடிதம் போடக்கூடாது என்று ஏஜென்சிக்காரன் சொன்னவன். உங்களால் எழுதாமல் இருக்க ஏலாது என்று எனக்குத் தெரியும். எழுதினால் உறையில் ருக்குமணி மெய்யப்பன் என்று மருமகனைக் கொண்டு எழுதுவியுங்கள். மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பாலாம்பிகை


தோர்ண்டன் ஹீத்
14.3.1992

அன்புள்ள பாலாம்பிகைக்கு,

உம்முடைய கடிதத்தை எவரிடமும் கொடுக்கவில்லை. பஸ் மேல்தட்டில் முன்சீட்டில் இருந்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். இறங்கும் இடம் தாண்டி குரொய்டன் வரை போய்விட்டேன். ஒரு பெண் தன் புருஷனுக்கு எழுதியதை அந்தப் புருஷனே வாசிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த டிரைவருக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. எனக்குத்தான் இங்கிலிஷ் வராதே.

குரங்குகளைப் பற்றி இன்னும் எழுதும். மழைக்காட்டில் மண் என்ன நிறம்? எங்கள் செம்பாட்டு மண் போலவா? இங்கே உமக்கென்று அறை ஒதுக்கி, கலாவதி புதுப் போர்வை வாங்கிவிட்டாள். தியாகராஜா அவர்களுக்கும் குளிர் என்றால் போர்வை கேட்டு வாங்கச் சொல்லும். விறாந்தையிலேயே போர்த்திக்கொண்டு படுக்கட்டும். பகிடிக்குத்தான் எழுதுகிறேன்.

உறையையும் நானே எழுதினேன். விடுதியின் விலாசத்தை உம்முடைய தாளின் தலைப்பில் அச்சடித்திருந்ததைப் பார்த்து வரைந்தேன். இங்கிலிஷில் எழுத ரீச்சர் எனக்கு இரண்டு பெயர்தான் பழக்கியவர். ஒன்று என்னுடையது, மற்றது உம்முடையது. மருமகனிடம் கேட்டால் அந்தப் பெயரை எழுதித் தருவார்தான். ஆனால் நான் முதன்முதலாக எழுதும் உறையில் உம்மை வேறொருவர் மனைவி என்று எழுத மனம் வரவில்லை. பாலாம்பிகை தில்லையம்பலம் என்று எழுதிவிட்டேன். அந்தக் காட்டில் எங்கள் நாட்டு முகம் உங்கள் இருவருக்கும்தானே இருக்கும், கண்டுபிடித்துத் தருவார்கள். பின்பக்கம் என் பெயரை எழுதி, இங்கத்தைய விலாசத்தையும் பார்த்து வரைந்தேன். அழகாக வந்திருக்கிறது. பாரும்.

அன்புடன்,
உமது தில்லையம்பலம்


கென்யா
29.3.1992

கலாவதியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

காலைச் சாப்பாட்டு நேரம் முகாமையாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வந்தார். நல்ல மனிதர். இந்தப் பெயரில் இங்கே ஒருவரும் இல்லை, உங்கள் நாட்டுப் பெயர் போல இருக்கிறது, தெரியுமா என்று எங்களிடம் கேட்டார். தியாகராஜா அண்ணை மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். "நோ, நோ" என்றார். முகாமையாளர் திரும்பிப் போகத் தொடங்கினார்.

அந்த நேரம் நான் பேசாமல் இருந்திருந்தால் போதும். நான் உறையைப் பார்த்துவிட்டேன். அந்தக் கோணல் எழுத்து. திருப்பி அனுப்பிவிடுவார்களோ, குப்பையில் போடுவார்களோ என்று நினைத்தேன். வேறு ஒன்றையும் நினைக்கவில்லை. எழும்பி நின்று கை நீட்டி, அது என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

முகாமையாளர் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். பிறகு பாஸ்போர்ட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார்.

ஏஜென்சிக்காரன் அதன்பிறகு வரவில்லை. நாளை அதிகாரிகள் வந்து எங்களைக் கொண்டுபோய்க் கொழும்புக்கு விமானம் ஏற்றுவார்கள். முகாமையாளர் இன்றும் எங்களுக்குச் சாப்பாடு தந்தார். என்னால் சாப்பிட ஏலவில்லை.

மாலையில் தியாகராஜா அண்ணை விறாந்தையில் இருந்துகொண்டு சொன்னார்: "அக்கா, உங்களுக்கு உங்கடை மனுசன்ரை கடிதம் வேணும். எனக்கு என்ரை பிள்ளையைப் பாக்க வேணும். நீங்கள் உங்கடையை எடுத்துப்போட்டியள்."

பெயர் எழுதிய பிழை உங்களுடையது. கை நீட்டிய பிழை என்னுடையது. அவருடைய பிழை ஒன்றுமே இல்லை.

கடிதத்தை இன்னும் உடைக்கவில்லை.

பாலாம்பிகை


தோர்ண்டன் ஹீத்
20.9.1992

அன்புள்ள பாலாம்பிகைக்கு,

நீர் கொழும்பில் நிற்காமல் கிளாலிக் கடலைத் தாண்டி எங்கள் ஊர் உரும்பிராய்க்கே திரும்பிப் போய்விட்டீர் என்று கலாவதிக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அங்கே பல கடிதம் போட்டேன். உறைகளை எல்லாம் மருமகன்தான் எழுதினார். பதில் ஒன்றும் வரவில்லை.

நான் விசாரித்துக்கொண்டு ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். தியாகராஜாவின் மகன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை செய்கிறார். உம்மைப் போகவிட்டவர்கள் தகப்பனைக் கொழும்பில் இறங்கிய இடத்திலேயே பிடித்து உள்ளே போட்டார்களாம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இன்னும் தெரியவில்லையாம். நான் யார் என்று சொன்னேன்.

"என்னத்துக்கு ஐயா வந்தனீங்கள்? மன்னிப்புக் கேக்கவோ?"

"ஓம் தம்பி."

"அதை வைச்சு நான் என்ன செய்யிறது? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. ஷிப்டுக்கு நேரமாகுது."

தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். அவர் ஏசியிருக்கலாம்.

சனிக்கிழமை வகுப்புக்கு இப்போது போவதில்லை. ரீச்சர் வீட்டுக்கு வந்து, "ஐயா, ஏன் வரேல்லை? எழுத்து நல்லா வந்ததே" என்று கேட்டார். எழுத்து நன்றாக வந்துவிட்டது, அதனால்தான் என்று நினைத்தேன். நான் எழுதத் தெரியாதவனாக இருந்திருந்தால் நீர் இன்றைக்கு இங்கே இருப்பீர். இதை எந்தப் பக்கமாகப் புரட்டிப் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது.

கப்பலில் போகும் தபால் யாழ்ப்பாணத்துக்குள் போவது பெரும்பாடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதுதான் காரணமா, அல்லது நீர் எழுதவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நீர் காட்டில் உடைக்காமல் வைத்திருந்த கடிதத்தை உடைத்தீரா என்பதும் தெரியவில்லை. வரச்சொல்லி இனி உம்மைக் கேட்கமாட்டேன். கலாவதியும் கேட்கமாட்டாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு எழுத மனம் இல்லாவிட்டால், உள்ளே ஒன்றும் வைக்காமல் ஒரு வெறும் உறையை அனுப்பும். மேலே என் பெயரை உமது கையால் எழுதும். இங்கே தபால்காரன் அதைக் கதவுக்குள்ளால் போடுவான். அது என்னுடையது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

தில்லையம்பலம்