மேட்டில் மட்டும் கேட்கும் சத்தம்

மார்ச் 3, திங்கள்

இன்று காலை காருக்கு முன்னால் நின்றவர்கள்: நான், வீட்டுக்காரர், மெக்கானிக், யாரும் அழைக்காமலே வந்த கொழுந்தனார். அழைத்தும் வராதவர்: ஆண்டவன்.

இரண்டு மாதமாக மேடு ஏறும்போதெல்லாம் இன்ஜினுக்குள் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, நின்ற இடத்திலேயே உறுமவிட்டுப் பார்த்தார். நின்ற இடத்தில் சத்தம் போடுமா அது? சமர்த்தாக இருந்தது. "இன்ஜினை இறக்கித்தான்ணே பாக்கணும்" என்றார். கொழுந்தனார் இதற்கே காத்திருந்தது போல, காரை இப்படியே தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். யாருக்காவது பல்வலி என்றாலே, அவருடைய கட்டில் தனக்கு ஆகுமா என்று அளந்து பார்க்கிற ஆள். வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார். வருகிற பதினாறாம் தேதி வந்து ஓட்டிக்கொண்டு போவாராம்.

இருபதாம் தேதி எனக்கு லைசென்ஸ் டெஸ்ட். இரண்டு முறை தோற்றாயிற்று. இந்தக் காரைத் தவிர வேறெதுவும் என் கைக்கு அடங்காது. இதை யாரும் கேட்கவில்லை.

மார்ச் 4

அரை மணி நேரம் பிரார்த்தனை. பதில் இல்லை. காரோடு வந்த புத்தகத்தை எடுத்தேன், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கைவிட்டதிலிருந்து எனக்கு வாத்தியார் அந்த அகராதிதான்.

பொறி பட்டதும் பெட்ரோல் ஒழுங்காக எரிந்துகொண்டே போக வேண்டும். அதில் ஒரு பங்கு, தன் முறை வருவதற்குள் தானாகவே வெடித்தால் இந்தச் சத்தம். உடனே புரிந்துவிட்டது. கொழுந்தனார்.

காரணங்கள்: மட்டமான பெட்ரோல், அதிகச் சூடு, பொறி முந்திக்கொள்வது, உள்ளே படிந்த கரி, இன்ஜினைத் திணறவிட்டு ஓட்டுவது. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். கடைசியை மட்டும் பென்சிலில். வீட்டுக்காரர் இருபது வருஷமாக ஓட்டுகிற மனிதர் அல்லவா.

மார்ச் 6

சூடு காட்டும் முள் நடுவில். தண்ணீர் சரி. உயர்ந்த ரகப் பெட்ரோல் போட்டோம். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. முன்சீட்டில் நோட்டும் பேனாவுமாக நான். "என்னைக் கைது பண்ணிக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு" என்றார் அவர்.

மார்ச் 8

இன்று சத்தமே இல்லை. காரை எடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மெக்கானிக்கை வரவழைத்தேன். பொறி வரும் நேரத்தைச் சோதித்தார், சரியாக இருக்கிறதாம். சரி, நீங்களே மேட்டில் ஓட்டுங்கள் என்றேன். பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். பிரார்த்திக்கிறேன் என்று நினைத்து ரேடியோவை அணைத்தார், பாவம். நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

அடுத்து வீட்டுக்காரர் ஓட்டினார். அதே மேடு, அதே பெட்ரோல். பாதியில் டப்பா குலுங்கியது. மெக்கானிக்கின் கை மேட்டின் அடியிலேயே மூன்றாவது கியருக்கு இறங்கியிருந்தது. இவர் கை அசையவே இல்லை. நாலாவதிலேயே, முப்பது வேகத்தில், வண்டி மூச்சு வாங்க வாங்க ஏற்றுகிறார்.

"இன்ஜினை இறக்க வேணாம்க்கா" என்றார் மெக்கானிக், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

பென்சிலின் மேல் பேனாவால் எழுதினேன்.

மார்ச் 10

சொல்லிவிட்டேன். "மேட்டுல மூணாவதுக்கு மாத்துங்க. இத்தனை வருஷம் ஓட்டுறீங்க, இது கூடவா தெரியாது?"

டம்ளரைக் கழுவிக்கொண்டே, "தெரியும்" என்றார். "மாத்தினா பெட்ரோல் கூடக் குடிக்கும். நீ முட்டை போட்டுடுவே."

ஃபிரிட்ஜ் கதவில் நான் ஒட்டிவைத்த தாள். மாதா மாதம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். கூடினால் நட்சத்திரம், குறைந்தால் முட்டை. டிசம்பரில் ஒரு முட்டை — சிரித்துக்கொண்டுதான் போட்டேன். ஜனவரி, நட்சத்திரம். பிப்ரவரி, நட்சத்திரம். சத்தம் எப்போது ஆரம்பித்தது? ஜனவரியில். எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. எனக்கு ஏன் உறைக்கவில்லை? ஐம்பது வயசு மனுஷன் ஒரு நட்சத்திரத்துக்காக — சே. என்ன பொம்பள நான்.

தாளை எடுத்துவிட்டேன். காந்தம் மட்டும் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

கொழுந்தனார் சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டே வந்தார். "கொடுக்கறதா இல்லடா. நான் கியர் போட்டதுலதான் தப்பு" என்றார் இவர்.

"அண்ணனுக்கு கியர் போடத் தெரியலன்னு அண்ணி கண்டுபிடிக்க வேண்டியிருக்கு. இருபது வருஷமா என்னத்தண்ணே ஓட்டுன?" காபி ஆறும்வரை சிரித்தார்.

வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் கதவை ஒருமுறை பார்த்தார். முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பிஸ்கட் தட்டை நகர்த்தினேன்.

மார்ச் 21, வெள்ளி

நேற்று பாஸ். டெஸ்ட்டில் ஒரு மேடு வந்தது. அடியிலேயே கியரை இறக்கினேன். அதிகாரி ஏதோ எழுதினார், எட்டிப் பார்த்தேன், முட்டை இல்லை. வீடுவரை நானே ஓட்டிவந்தேன். காருக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இன்று காலை காந்தத்துக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம். ஒரு நட்சத்திரம், அவர் வரைந்தது. ஒரு முனை கோணல்.

ஆண்டவனே, நாளை மறுநாள் கொழுந்தனார் சாப்பிட வருகிறார். மறுபடியும் கியர் கதையை எடுப்பார், இவரும் மறுபடியும் சும்மா இருப்பார். அவரிடம், போயும் போயும் அவரிடம், முட்டை போட்டது நான்தான் என்று சொல்லியே ஆக வேண்டுமா? ஞாயிறு பகலுக்குள் பதில் சொல்லவும்.