இரண்டு ஊர்க் கமக்காரர்

12-11-89, ஞாயிறு. எட்மண்டன்.

ஒரே அலுப்பு. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்னர் எந்தத் தொழில் செய்தவரிடம் எவ்வளவு சொத்து இருந்தது என்று கட்டுரைக்காகப் பட்டியல் போட்டேன். எடுத்துக்கொண்ட இரண்டு ஊர்களில் ஒன்றில் அடிமைகள் இருந்தார்கள், மற்றதில் இல்லை; இரண்டிலும் விவசாயிகள், எங்கள் பேச்சில் கமக்காரர், இருந்தார்கள். என்னோடு அறையில் இருக்கும் ஊர்க்காரன் ராசன் எட்டிப் பார்த்தான்.

"ரெண்டு பேரும் கமக்காரர்தானே? அடிமை ஊர்க்காரனுக்கு மட்டும் எப்பிடி இவ்வளவு?"

"வேலை செய்த ஆக்களையும் சொத்தெண்டு எழுதியிருக்கிறாங்கள்."

"உங்கட ஐயாவும் கமம்தானே?"

"ஓம்" என்றேன். அவன் ஷிப்டுக்குப் போய்விட்டான்.

அப்பா மண்வெட்டி பிடித்து நான் கண்டதில்லை. எங்கள் வெங்காயத் தோட்டத்தைக் கொத்தியவர் ராசனின் அப்பா. அம்மா அவருக்குத் தேநீரைத் தேங்காய்ச் சிரட்டையில்தான் வார்ப்பார்.

விசா படிவத்தில் அப்பாவின் தொழிலைக் கமம் என்று எழுதினேன். ராசன் என்ன எழுதினான் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.