அண்ணனுக்காகப் பன்னிரண்டு கிலோ

பிப்ரவரி 3

ரத்தம் பொருந்துகிறது, திசு பொருந்துகிறது. உடம்புதான் இடிக்கிறது.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருடமாகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கலாமா என்று சோதனை மேல் சோதனை. இன்று டாக்டர் என் சர்க்கரை அளவைப் பார்த்தார், எடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எண்பத்தெட்டு கிலோ. பன்னிரண்டு குறைச்சுட்டு வாங்க. பட்டினி கூடாது, பவுடர் கிவுடர் கூடாது. கொழுப்பு போகணும், தசை போகக் கூடாது."

வெளியே காத்திருந்த அண்ணனிடம் சொன்னேன். "சின்ன வயசுல என் பங்கு கேக்கையும் நீதானே தின்ன? இப்ப அனுபவிக்கிறது நான்," என்றான். பேருந்தில் வீடு வரைக்கும் சிரித்தோம். அழுதிருக்க வேண்டிய நாள்.

பிப்ரவரி 5

பதினேழு வருடமாகப் பேக்கரியில் அடுப்புப் பக்கம் வேலை. உடைந்த பிஸ்கட், ஓரம் கருகிய பன், கேக்கைச் சீவும்போது விழும் துண்டு - இதெல்லாம் சாப்பாட்டில் சேர்த்தியில்லை என்றே இருந்துவிட்டேன். இன்று வாய்க்குப் போகவிருந்ததை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டுப் பார்த்தேன். மதியத்துக்குள் டப்பா நிரம்பி மூடி நிற்கவில்லை. அடிப்பாவி.

பிப்ரவரி 11

உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் நாள். பயிற்சி கொடுக்கும் பெண் என் தோளுக்குத்தான் வருவாள். "வெயிட் தூக்கிப் பழக்கம் உண்டாக்கா?" என்றாள். "எண்பத்தெட்டு கிலோவைத் தூக்கிட்டுத்தாம்மா நடக்கறேன்." சிரிக்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னாள். பதினைந்து தடவை. இது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

பிப்ரவரி 12

கழிப்பறையில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்த பிறகு எழ முடியவில்லை.

மார்ச் 16

ஆறு வாரம், ஐந்து கிலோ. காலையில் இரண்டு முட்டை. மதியம் தட்டில் பாதி காய்கறி, கால்வாசி மீனோ பருப்போ, மிச்ச இடம் சோற்றுக்கு. எட்டரைக்கெல்லாம் படுக்கை. மாலை நடைக்கு வீட்டுக்காரரும் துணைக்கு வருகிறார். துணை என்றால், மூன்றாவது சுற்றில் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குக் கையசைப்பது.

ஏப்ரல் 20

முள் எண்பத்திரண்டில் உட்கார்ந்து மூன்று வாரம். என்ன தப்பு செய்கிறேன்? அண்ணனுக்குக் கால் வீங்கியிருக்கிறது. எனக்கு நேரமில்லை.

ஏப்ரல் 23

எழுதக் கை எரிகிறது. இரண்டு நாளாக வெறும் காபிதான் குடித்தேன் - யாரிடமும் சொல்லவில்லை. காலையில் அடுப்பு முன்னால் கண் இருட்டி, சுடச்சுடத் தட்டு கையில் சரிந்துவிட்டது. இவர் அண்ணனுக்கு போன் போட்டிருக்கிறார். வந்தவன் உட்காரக்கூட இல்லை.

"நீ விழுந்து செத்து அந்தக் கிட்னி எனக்கு எதுக்குடி? வேணாம். போய்ச் சாப்பிடு."

எனக்கும் கோபம். "நீ மட்டும் செத்துப் போலாமா?" என்று கத்திவிட்டேன். பிறகு அவனே முட்டை வேகவைத்து, உரித்து, உப்புப் போட்டுக் கொடுத்தான். ஏன்தான் இப்படிப் பண்ணினேனோ.

ஏப்ரல் 28

பயிற்சிப் பெண் டேப் வைத்து அளந்தாள். இடுப்பு ஒன்பது சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. "முள்ளுதான்க்கா நின்னுருக்கு. நீங்க நிக்கல." அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வந்தேன்.

மே 18

டயாலிசிஸ் அறையில் அண்ணனுக்கு நாலு மணி நேரம், எனக்கு வேடிக்கை. "சும்மா உக்காந்திருக்கறதுக்கு உன் உட்கார்ந்து-எழுறதை இங்கயே போடு, நான் எண்றேன்," என்றான். போட்டேன். அவன் எண்ணினான். பத்துக்கு மேல் அடுத்த படுக்கைக்காரர் சேர்ந்துகொண்டார். இருபதில் ஆறு படுக்கையும். முப்பதில் நர்ஸ் ஓடிவந்து, "என்னங்க இது, சந்தையா?" என்றாள். மூலைப் படுக்கையில் இருந்த தலைமையாசிரியர் ஒருவர், "நாப்பது முடியட்டும்மா, அப்புறம் திட்டு," என்றார். நாற்பது முடிந்த பிறகுதான் திட்டினாள்.

ஜூன் 30

இருபத்தைந்து கிலோ மாவு மூட்டையைத் தனியாகத் தூக்கி மேசையில் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. இறக்கி, முதலாளி வந்ததும் மறுபடி தூக்கி வைத்தேன்.

ஆகஸ்ட் 4

எழுபத்தாறு. சர்க்கரையும் சரி. டாக்டர் பாராட்டெல்லாம் சொல்லவில்லை. காலண்டரை எடுத்துத் தேதி எழுதினார்.

செப்டம்பர் 12

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். தும்மினால் இடுப்பில் உயிர் போகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணன் அறை வரை நடந்தேன்.

இந்த இரண்டு வருடத்தில் அவனுக்குச் சிறுநீர் என்று ஒன்று வந்ததே அரிது. இப்போது கட்டிலோரம் தொங்கும் பையை நர்ஸ் மணிக்கொரு தரம் காலி செய்கிறாளாம்.

"வந்ததுலேர்ந்து வேலை பாத்துக்கிட்டே இருக்கு," என்றான். "ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியல அதுக்கு."

சிரித்தால் தையல் இழுக்கும் என்று இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பைக்குப் போகும் குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.