சமாதானத்துக்கும் முறை

1954 மே 5, புதன். ஓசூர்.

காலையில் நல்ல குளிர். மே மாதத்தில் போர்வை! வீட்டில் சொன்னால் இராஜம் நம்பமாட்டாள். ஆராதனை மூன்று மொழியில். பிரசங்கம் தமிழ், பாட்டு தெலுங்கு, அறிவிப்பு கன்னடம். ஆசீர்வாதம் எந்த மொழியில் சொல்வதென்று தெரியாமல் கையைத் தூக்கியபடி நின்றேன். வெளியே வந்ததும் டிரைவர் நஞ்சப்பா சொன்னான்: “ஆமென் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே சாமி, எதுக்குப் பயந்தீங்க?”

மறக்கக் கூடாதவை: அங்கி வெளுக்க. முழங்காலுக்குத் தைலம். இராஜத்துக்குக் கடிதம். நாளை தேவநேசனைப் பார்க்க வேண்டும். (இதற்குத் தைலம் இல்லை.)

மே 6, வியாழன்.

கிருஷ்ணகிரி தாண்டியதும் வெயில் ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாகரசம்பட்டிக்கு இரண்டு மைல் முன்னால், மாந்தோப்புகளுக்கு நடுவே, சின்னக் கோயில், சின்னச் சபை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் பிஷப் வருகை. எனக்கு இதுதான் முதல் தடவை.

ஊர்வலத்தில் நான் பிடிக்க வேண்டிய மேய்ப்பன் கோலின் கீழ்ப்பாதி ஓசூரிலேயே தங்கிவிட்டது. இரண்டாகக் கழற்றும் கோல், சீமைச் சரக்கு. நஞ்சப்பா வளைந்த மேல்பாதியை மாங்காய் பறிக்கும் தொரட்டிக் கழியில் வைத்துக் கட்டிக் கொடுத்தான். ஊர்வலம் முழுக்கப் பிள்ளைகள் கூச்சல். “பிஷப் ஐயா மாங்கா பறிக்க வந்துக்கிறாருடோய்!” எனக்கே சிரிப்பு அடங்கவில்லை.

இங்கே போதகர் தேவநேசன். பிஷப் தேர்தலில் என்னோடு நின்றவர். நான் ஜெயித்து மூன்று வருஷம். அவரிடமிருந்து ஒரு வாழ்த்து வரவில்லை. மறு மாதமே அவரை இந்தக் கோடிக்கு மாற்றினேன். ஆபீஸ் கடிதத்தில் காரணம், ‘ஊழியத்தின் தேவை.’ உண்மைக் காரணம் எனக்கும் இந்த நோட்டுக்கும் தெரியும்.

“வெந்நீர் வேணுமான்னு கேளுப்பா” என்று நஞ்சப்பாவிடம் சொன்னார். வேண்டாம் என்று நஞ்சப்பாவிடம் சொன்னேன். மூவரும் ஒரே அறையில்தான் நின்றோம். சாப்பாடு: கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு, மாம்பழம் மூன்று. (நாலு.) நஞ்சப்பாவின் கேள்வி: “நான் டிரைவரா சாமி, தபால்காரனா?”

மே 7, வெள்ளி.

காலைத் திருவிருந்து ஆராதனை. புது ஆராதனை முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சமாதானம் கொடுப்பதுதான். பீடத்தில் தொடங்கி, ஒருவர் கூப்பிய கையை அடுத்தவர் தன் இரு கைகளுக்குள் வாங்கி, கடைசி ஆள் வரை போக வேண்டும். பீடத்தில் தேவநேசன், நான் சும்மா ஓரத்தில். சமாதானம் மேற்கு வரிசைகளுக்கு மட்டும் போய் நின்றுவிட்டது. கிழக்கு வரிசைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றன, பஸ் வராத முகத்தோடு.

முடிந்ததும் கோயில் மூப்பர் பேதுருவைக் கேட்டேன்.

“இந்த வாரம் எங்க முறைங்க. அடுத்த வாரம் அவங்க முறை. கெணத்துத் தண்ணி மாதிரிதானுங்க.”

‘அவங்க’ என்றால் சொந்தத் தம்பி அந்திரேயாவும் அவன் பக்கத்து ஆட்களும். இருவருக்கும் பொதுவாக ஒரே கிணறு. யார் எந்த நாள் இறைப்பது என்று மூன்று வருஷமாகச் சண்டை, பேச்சே இல்லை. பக்கத்துக்கு ஒரு வாரம் சமாதானம் என்று முறை வைத்தபிறகுதான் இரண்டு தரப்பும் கோயிலுக்கு வந்திருக்கிறார்கள்.

அறைக்குப் போய்த் துண்டைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு கோபம். “இது என்ன வழக்கம் என்று கேள்” என்று நஞ்சப்பாவைத் தேவநேசனிடம் அனுப்பினேன். பதில் வந்தது: “அடிதடி இல்லாத வழக்கம்னு சொல்லச் சொன்னாரு சாமி.”

சாயங்காலம் சபையைக் கூட்டிச் சொல்லிவிட்டேன்: ஞாயிறு முதல் முறை கிடையாது, கிழக்கு மேற்கு கிடையாது.

பேதுரு எழுந்தார். “அப்போ எம் பொண்ணு பேரை எடுத்துருங்க ஐயா. அவன் பொண்ணு பக்கத்துல எம் பொண்ணு முட்டி போடமாட்டா.”

ஞாயிறு மாலை திடப்படுத்தல், பிஷப் தலையில் கை வைத்த பிறகுதான் பிள்ளைகளுக்குத் திருவிருந்து. இரண்டே பெண்கள். பேதுருவின் சலோமி, அந்திரேயாவின் எஸ்தர். இப்போது விட்டால் சலோமிக்கு இன்னும் மூன்று வருஷம் திருவிருந்து கிடையாது. பேதுருவுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். நல்ல பிஷப்!

மே 8, சனி.

காலையில் இரண்டு சொட்டு மழை, அதற்கே ஊரெல்லாம் மண் வாசனை. அப்பா பேரை எடுக்கச் சொல்லியும் சலோமி திடப்படுத்தல் பரீட்சைக்கு வந்து எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம், எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நாளைக்குச் சமாதானம் உங்ககிட்ட இருந்துதானுங்களே ஆரம்பிக்கும்?”

ஆமாம் என்றேன்.

“நீங்க மொதல்ல எங்க தேவநேச ஐயர் கையிலதானே குடுக்கணும்? நீங்க ரெண்டு பேரும் பேசறதே இல்லீங்களே. அதையும் டிரைவரண்ணன்கிட்டயே குடுத்து அனுப்புவீங்களா?”

எஸ்தர் அவள் தொடையில் கிள்ளினாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வெட்கம், சுத்த வெட்கம். ஊருக்கு உபதேசம் பண்ண ஜீப் ஏறி வந்தவன் நான்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. (மாம்பழம் மட்டும்.) நாலு மணிக்குத் தேவநேசன் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். நானாகவே போனேன், நஞ்சப்பா இல்லாமல்.

“உங்களை இங்கே மாற்றினது கோபத்தில்தான். ஊழியத்தின் தேவை எதுவும் இல்லை. தப்பு என்னுடையது” என்றேன்.

துணியைப் பிழிந்து முடித்துவிட்டுத்தான் பேசினார். “தெரியுங்க. ஆனா நானும் வாழ்த்து எழுதினேன். நாலு பக்கம்.”

“வரவில்லையே?”

“மூணு பக்கம் திட்டு. அதான் தபால்ல போடலை.”

இருவரும் சிரித்த சிரிப்பில் நஞ்சப்பா ஓடி வந்து பார்த்தான். “அப்பாடா, எனக்கு லீவு” என்றான்.

பேதுரு வீட்டுக்கு மட்டும் இருவரும் போகவில்லை. கட்டாயப்படுத்தி வாங்கும் சமாதானம் யாருக்கு வேண்டும்? நாளை வந்தால் வரட்டும்.

மே 9, ஞாயிறு.

கோயில் நிறைந்த கூட்டம். பேதுரு முதல் வரிசையில். அந்திரேயா கடைசி வரிசையில், வாசல் ஓரம், ஓடத் தோதாக.

சமாதான நேரம். என் கூப்பிய கையைத் தேவநேசன் தன் கைகளுக்குள் வாங்கினார். நேற்று அலசிய சோப்பு வாசனை இன்னும் இருந்தது. கொஞ்சம் கூடுதல் நேரம் அவரும் விடவில்லை, நானும் இழுக்கவில்லை. சபை முழுக்க எங்களையே பார்த்தது.

தேவநேசன் இறங்கிப் போய்ப் பேதுருவுக்குக் கொடுத்தார். பேதுரு வாங்கிக்கொண்டார். பக்கத்து ஆள் கை நீட்டிக் காத்திருந்தார். பேதுரு கொடுக்கவில்லை. கூப்பிய கையோடு எழுந்து நடந்தார். வாசலைப் பார்த்து நடந்தார். போச்சு, வெளியேதான் போகிறார் என்று நினைத்தேன்.

கடைசி வரிசையில் நின்று, தம்பி கையில் கையைத் திணித்தார்.

“புடி. உன் முறை.”

அந்திரேயாவுக்கு வாய் கோணிக்கொண்டது. “தண்ணிக்கும் சேத்தா?”

“அத நாளைக்குப் பேசலாம். மொதல்ல இத வாங்குடா.”

அதன்பிறகு அந்தக் கோயிலில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கணக்கில்லை. நஞ்சப்பாவுக்கு மட்டும் மூன்று தடவை.

மாலை: சலோமி, எஸ்தர், பக்கத்தில் பக்கத்தில். தலைக்கு ஒரு கை. பேதுரு கண்ணைத் துடைத்துவிட்டு, வெயில் என்றார். அப்போது மணி ஆறரை.

மே 10, திங்கள்.

விடியலில் கிளம்பினோம். ஜீப்பில் மாம்பழக் கூடை இரண்டு, அண்ணன் வீட்டுடையது ஒன்று, தம்பி வீட்டுடையது ஒன்று. எது அதிக இனிப்பு என்று சொல்லமாட்டேன், மறுபடி சண்டை வரும். கிணற்றுப் பேச்சு காலையிலேயே தொடங்கிவிட்டதாம். சத்தம் சாலை வரை கேட்டது. கேட்கட்டும், பேசிக்கொள்கிறார்களே.

தேவநேசனிடம் மாற்றல் வேண்டுமா என்று கேட்டேன். “மாம்பழ சீசன் முடியட்டுங்க” என்றார். பிறகு பழுப்பேறின கவர் ஒன்றை என் பையில் வைத்தார்.

போச்சம்பள்ளி வருவதற்குள் மூன்று பக்கமும் படித்துவிட்டேன். எல்லாம் நியாயம்தான். நாலாம் பக்கத்தை மடித்தபடியே வைத்திருக்கிறேன், இராஜத்தோடு உட்கார்ந்து படிக்க.