மாமாவுக்கு வாங்கிய ஜின்செங் வேர்

அன்புள்ள ருய்லானுக்கு, ஹார்பினிலிருந்து தெச்சுவான் எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீ நலமா? உன் அப்பாவின் இருமல் எப்படி?

இங்கே ஆற்றில் பனிக்கட்டி அறுக்கும் நாற்பது பேரில், பொழுதோடு படுத்து, இஞ்சி போட்ட ஆட்டுக்கறி சூப் குடித்து, குளிர்காலத்துக்கு ஏற்றபடி உடம்பைக் காப்பவன் நான் ஒருவன்தான். மேஸ்திரியே என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்.

மாமா உடம்பு தேற நீ கேட்ட ஜின்செங் வேரை வாங்கினேன். முழங்கை நீளம்! பெரியவருக்குக் கொடுப்பதை நாம் சோதிக்க வேண்டாமா என்று ஒரு துண்டு கடித்தேன். சோதித்து முடித்தபோது வேரும் முடிந்துவிட்டது.

மறுநாள் மூக்கில் ரத்தம். ஆற்றுப் பனியில் பாதி சிவந்தது, பயப்படாதே. வைத்தியர் ஷூ அம்மா நாடி பார்த்துக் கத்தினார்.

"யோவ், மாடு கணக்கா இருக்குற உனக்கு ஜின்செங் எதுக்குய்யா? உடம்பெல்லாம் சூடு! மூணு நாளைக்கு முள்ளங்கி தின்னு, இறங்கிடும்."

"எனக்கில்லம்மா, இருமுற மாமனாருக்கு வாங்கினது."

"சளியோட இருமுறவருக்கா? நல்லவேளை, நீயே தின்னுட்ட! அவர் தின்னிருந்தா சளி உள்ளயே தங்கிப்போயிருக்கும். பேரிக்காய்ல கற்கண்டு போட்டு வேகவெச்சுக் கொடுக்கச் சொல்லு."

கம்பளிக் காலுறை பின்னி அனுப்பு. ராத்திரி வெந்நீரில் கால் ஊறவைக்கப் பெரிய தொட்டியாக வாங்கிவிட்டேன். இன்னும் இரண்டு காலுக்கு இடம் சும்மா கிடக்கிறது.

மேஸ்திரி கூப்பிடுகிறார். பேரிக்காயை இன்றே வேகவை. மாமாவைக் காப்பாற்றியது யார் என்பதை, என்னை உதவாக்கரை என்னும் உன் அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது உரக்கச் சொல்.

உன் தெச்சுவான்